பூசை அலமாரியில் இருந்த செப்புத் தகடு

அப்போது நான் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் வயர்மேன். மின்சாரம் தெரிந்தவன் என்ற திமிர் கொஞ்சம் அதிகம். காசிமேட்டில் அக்கா புருஷனின் பாய்மரப் படகுக்கு இடிதாங்கி வைத்துக் கொடுத்ததும் அந்தத் திமிரில்தான். பாய்மர உச்சியிலிருந்து தடித்த செப்புக் கம்பி. அதன் நுனியில் கொக்கி போட்டு மாட்டிய செப்புத் தகடு. கடலுக்குள் போனதும் தகட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டால், மின்னல் கம்பி வழியாகக் கடலுக்குப் போய்விடும். மாமாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். "இன்னாடா இது?" என்று கேட்ட அக்காவிடம் மட்டும், "மாமாவைக் காப்பாத்தும்க்கா" என்று நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அது போதும் என்று எனக்கு நினைப்பு.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மாமா விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தார். மத்தியானம் எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்தது. வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பூசை அலமாரியில், புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமத்தோடு அந்தத் தகடு உட்கார்ந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் நான்தான் படகுலேந்து கழட்டிக்கினு வந்தேன். வெள்ளிக்கெழம ஆச்சே, ஒரு கற்பூரம் காட்ட வேணாமா?" என்றாள். இடி உறுமியது. அவள் முகத்தில் கவலையே இல்லை.

தகடு இல்லாத கம்பி மின்னலைப் படகுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டுவிடும். நான் கம்பியே கட்டாமல் இருந்திருக்கலாம். அவளிடம் எதையும் விளக்காமலே கரைக்கு ஓடினேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மணலில் முன்னும் பின்னும் நடந்தேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் தூரத்துப் பாய்களில் மாமாவின் பாயைத் தேடினேன். அது கண்ணில் படவேயில்லை.

பாய் இருந்தால்தானே தெரியும்? மரத்தைச் சாய்த்துப் போட்டு, துடுப்பு வலித்தே மாமா மழையோடு வந்து சேர்ந்தார். "தகட்டக் காணோம். அதான் மரத்தையே சாச்சிட்டேன்" என்றார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"பாத்தியா, பூச போட்டதுக்கு வூடு வந்து சேந்துட்டாரு. இனிமே அது அலமாரியிலயே இருக்கட்டும்" என்றாள் அக்கா, எங்களை வீட்டு வாசலில் கண்டதும்.

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் மாமாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தகட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"இத்த நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, அவுரு உசுர எடுத்தாந்து அலமாரில வெச்சிட்டு, அதுக்கே கற்பூரம் காட்டிக்கினு குந்தியிருப்பேனாடா?"