ஆள் குறைகிறது

எங்கள் கிளப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அலுவலகமும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, இரண்டு கால்பந்து, வெளுத்துப்போன பச்சை ஜெர்சிகள், அவ்வளவுதான். தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் நான், ஒரு பேக்கரிக்காரர், ஒரு கொரியர் பையன், இரண்டு வாத்தியார்கள், வேலை தேடிக்கொண்டிருக்கும் இளவட்டங்கள் சிலர். மற்ற மாதங்களில் திறந்த மைதானத்தில் விளையாடுவோம். சாரல் தொடங்கிவிட்டால் மைதானம் சேறாகிவிடும். அப்போது மேலகரம் பக்கம் வலை கட்டிய செயற்கைப் புல் டர்ஃபில் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறிக்கொள்வோம். வயதில் மூத்தவன் என்பதால் யார் யார் ஆடுவது என்று பட்டியல் போடுகிற வேலை என்னுடையது. நாற்பதைத் தாண்டிய தொப்பையோடு என் பெயரையே முதலில் போட்டுக்கொள்வதில் எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை.

எழுதாத சட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. யாராவது போன் செய்து "ஆளு கொறையுது" என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. பதினோரு பேரில் ஒருவன் வராவிட்டால் எப்படியோ சமாளிக்கலாம். ஐந்து பேரில் ஒருவன் இல்லையென்றால் அன்றைய ஆட்டமே போச்சு. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவன் இருக்கிறான். பேக்கரிக்காரர் ஓவனில் இருந்த பன்னைக் கருகவிட்டு வந்திருக்கிறார். அதனால் அந்த வார்த்தையை யாரும் சும்மா சொல்வதில்லை. பொய்யாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

சில வருடங்களுக்கு முன் அதே டர்ஃபில் நடந்த டோர்னமெண்டின் இறுதி ஆட்டம், பக்கத்து ஊர்ச் சுரண்டைக்காரர்களோடு. அதற்கு முன் மூன்று வருடமாக எங்களை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தவர்கள். கோலில் நிற்கும் கொரியர் பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அடுத்து நிற்கவேண்டியவர் பேக்கரிக்காரர். தங்கமான மனிதர். ஆனால் பந்து தாண்டிப் போன பிறகுதான் குனிவார். எனக்கு அவர் வேண்டாம். முட்டி ஒத்துழைக்கிற காலத்திலேயே ஒரு தடவையாவது கோப்பையைக் கையில் பிடித்துவிடவேண்டும் என்ற வெறி எனக்கு.

நிஜமான கீப்பர் ஒருவன் எங்களிடம் இருந்தான். அப்பா இல்லாத பையன். அம்மா பீடி சுற்றி இரண்டு மகன்களை வளர்த்தாள். இவன் மூத்தவன். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். உடல் தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடிபட்டுவிடக் கூடாது என்று ஒரு மாதமாகப் பந்தின் பக்கமே வராமல் இருந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, இன்னும் ஒம்பது நாளுதான் கெடக்கு. ஓடணும், கயிறு ஏறணும். இந்த ஒரு தடவ விட்டுருங்க" என்றான்.

"ஏலே, ஓடவா சொல்லுதேன்? கோல்ல சும்மா நின்னா போதும்லே. ஆளு கொறையுது."

"எத்தன மணிக்கு அண்ணாச்சி?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தான். வலைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், ஷூ கயிறெல்லாம் இறுக்கிக் கட்டி, கையுறையோடு பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். தேவைப்படாது, வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன், மனிதர் கேட்கவில்லை. பையன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் காலுறையைச் சரிசெய்தேன். அவன் உள்ளே போய்க் கோலில் நின்றான். திரும்பிப் போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

சாரல் விட்டுவிட்டுத் தூவிக்கொண்டிருந்தது. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய நாலு நிமிடம் இருக்கும். அவர்களுடைய உயரமான ஆளைப் பிடிக்கவேண்டியவன் நான். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் என்னைத் தாண்டி ஓடியபோது துரத்துவதற்குப் பதிலாகக் கத்தினேன்: "வெளிய வாலே! வா!" பையன் பாய்ந்து வந்தான். ஈரத்தில் அவன் கால் நழுவியது. அந்த ஆள் மொத்தமாக அவன் முழங்கால் மேல் விழுந்தான். பந்து வெளியே போய்விட்டது. பையன் கத்தக்கூட இல்லை, தரையை மட்டும் கையால் அடித்தான்.

மீதி நேரத்துக்குப் பேக்கரிக்காரர் கோலில் நின்றார். கேட்டால் நம்பமாட்டீர்கள், நேராக வந்த ஒரு பந்தை நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தும்விட்டார். ஜெயித்தோம். கோப்பையை யார் வாங்கினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை என்று எழுத ஆசைதான். நான்தான் வாங்கினேன், படமும் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூட்டுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் அவன் சொன்னான். "அண்ணாச்சி, அம்மைட்ட குத்தாலத்து அருவில வழுக்கிட்டுன்னு சொல்லிருவோம். பந்துன்னு சொன்னா யாரு கூப்ட்டாங்கன்னு கேப்பா. அப்பொறம் ஒங்க கட வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவா."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீசன் நேரம், தலையெல்லாம் ஈரம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று என் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. அவன் அம்மா பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். அருவியைத் திட்டினாள், கூட்டாளிகளைத் திட்டினாள். என்னைப் பார்த்து, "நல்ல நேரத்துக்கு நீங்க இருந்திய அண்ணாச்சி" என்று அழுதாள். நான் அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

தேர்வு நாளன்று அவனைத் திருநெல்வேலிக்கு நான்தான் அழைத்துப்போனேன். முழங்காலில் கட்டுப்போட்டு, வலி மாத்திரை தின்றுவிட்டு உள்ளே போனான். நான் மைதான கேட்டுக்கு வெளியே நின்றேன். ஓட்டத்தில் இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டானாம். வெளியே வந்து, "முடியல அண்ணாச்சி" என்றான். ஊர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் செக்யூரிட்டி. கார்களை விசிலடித்து ஒதுக்குகிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான், வீட்டில் எல்லாரையும் விசாரிப்பான். என்னைக் காட்டிக்கொடுத்து அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மாதம் அவன் அம்மா கடைக்கு வந்தாள். கூடவே இளைய மகன். கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், அவனும் போலீஸ் தேர்வு எழுதப்போகிறானாம்.

"சீசன் வந்தா இவன் அருவியே கெதின்னு கெடக்கான் அண்ணாச்சி. மூத்தவனுக்கு ஆனது போதாதா? நீங்க ஒங்க கூட பந்து வெளையாடச் சேத்துக்கிடுங்க. ஒங்க கண்ணு முன்னால இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

"பெரியவன்கிட்ட கேட்டியளாக்கா?" என்றேன்.

"அவன்தான் கூடவே கூடாதுன்னு ஒரே சத்தம். எங்க வேணாலும் போட்டும், அங்க மட்டும் அனுப்பாதங்கான். காரணம் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். தன்னால முடியலயேங்கிற ஏக்கம் போல, பாவம்."

கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். அவன் அருவியில் விழவில்லை அக்கா, நான் கூப்பிட்டதால பந்தாட வந்து விழுந்தான் என்று இரண்டே வரி. நாக்கு வரை வந்தது. "பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. அவன் பேச்சக் கேளுங்க" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஒங்கள நம்பி வந்தேன் பாத்தியளா" என்றாள். இளையவன் தோளைப் பிடித்து, "வாலே, போவோம். எல்லாரும் ஒண்ணுபோலத்தான்" என்று இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். எனக்குப் பொங்கி வந்தது அழுகை இல்லை. அவள் இனி என்னிடம் எதுவும் கேட்டு வரமாட்டாள் என்ற நிம்மதிதான். என்னிடம் நான் மன்னிக்க முடியாதது அந்த நிம்மதியைத்தான்.