பழுப்பேறிய பற்கள்

அந்த மாடு தண்ணீர் குடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தொட்டியில் நாக்கை வைக்கும். பல் கூசியதுபோல் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொள்ளும். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் நான் பால் பரிசோதகனாக இருந்த காலம் அது. மாட்டுக்குச் சொந்தக்காரரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும், நானும்தான்.

அக்காவிடம் ஐந்து மாடுகள். ஒன்று சந்தையில் வாங்கிய கிழட்டு மாடு. மற்ற நான்கும் அந்தத் தொழுவத்திலேயே பிறந்தவை. ஐந்தும் ஒவ்வொன்றாக நொண்ட ஆரம்பித்தன, பாலும் குறைந்தது. பக்கத்துக் கொட்டகையில் கொழுந்தனாரின் மாடுகளோ திடமாக நின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே வைக்கோல். பாகப்பிரிவினையில் ஏற்கெனவே கசந்திருந்த அக்காவுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

“இங்கிட்டு நிக்கிறது மட்டும் நொண்டுதுன்னா, யாரோ கை வச்சுருக்காங்க தம்பி” என்பார்.

கொழுந்தனார் தொழுவத்தைக் கடந்து போனாலே அக்கா தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார். கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்குக்கூட அக்கா போகவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கும் சந்தேகம்தான். அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த தாது உப்புப் பொடியை அவரிடம் நீட்டியபோது, “பேர் போடாத சாமானை எம் மாட்டுக்குக் குடுக்க மாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

ஒருநாள் புதுக்கோட்டையிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா மாடுகளின் உதட்டை விலக்கிப் பார்த்தார். வீட்டில் பிறந்த நான்கின் பற்களும் பழுப்புத் திட்டுகளோடு பாதி தேய்ந்திருந்தன. கிழட்டு மாட்டின் பல்லில் மட்டும் கறை இல்லை.

“வெஷம் வச்சா பல்லு இப்பிடி ஆகாதுங்க. கன்னுக்குட்டியா இருக்கும்போதே, பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஃபுளோரைடு உள்ள போயிருக்கு. வருஷக்கணக்கா போனதுல எலும்பும் கெட்டுருக்கு. தீவனத்துல என்ன கலக்குறீங்க?”

அக்கா அந்தப் பொடி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். மலிவாகக் கிடைக்கிறது, பால் கூடும் என்று ஆண்டுக்கணக்காக நான் சுமந்து வந்த வெள்ளைச் சாக்கு.

பொடியில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்த அன்றே அக்கா கொழுந்தனார் வீட்டு வாசலில் போய் நின்றார். “தப்பா நெனச்சுட்டேன்” என்றாராம். அவர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டிருக்கிறார்.

என்னை அக்கா திட்டவில்லை. “ஒங்களுக்கும் தெரியாதுல்ல தம்பி” என்றார். அது ஆறுதலா, கேள்வியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது அக்காவிடம் இரண்டு புது மாடுகள், நல்ல கறவையில் இருக்கின்றன. நான் போனால் காபி கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசுகிறார். ஆனால் நான் தொழுவத்துப் பக்கம் நகர்ந்தால், பேச்சை நிறுத்தாமலே எழுந்து கூடவே வந்துவிடுகிறார்.