பள்ளிக்கூடக் கேற்றடியில் சொன்ன சொல்

மன்னாரிலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஃபிரிட்ஜ் திருத்திப் பிழைத்த கிளறன்ஸை, மவுண்ட் ரோஸ்கில் பகுதிச் சனம் நல்ல மனுசன் என்றுதான் சொல்லும். முயல் சுடப் போவார். அதற்கு லைசென்ஸ் இருந்தது. துவக்கைப் பூட்டி வைக்க கராஜில் இரும்புப் பெட்டியும் இருந்தது. ஆனால் எழும்பிப் போகப் பஞ்சி பிடித்தால், பெட்டித் திறப்பைக் கொடுத்து மகள் றோஷினியை அனுப்பித்தான் துவக்கை எடுப்பிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை துவக்கோடு பிடிபட்டதாகவும், பிள்ளைகளை வகுப்புக்குள் வைத்துப் பூட்டியிருப்பதாகவும் மெசேஜ் வந்தது. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். கேற்றடியில் பெற்றோர் கூட்டம். பக்கத்தில் சேலத்துக்காரர் வரதராஜன், மகனுடைய பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை," என்றார் கிளறன்ஸ், நாலு பேருக்குக் கேட்க. "தாய் தேப்பனைப் பிடிச்சு உள்ளுக்கை போடோணும்."

"ஆமாங்க," என்றார் வரதராஜன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பொலிஸ்காரி வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். அது கிளறன்ஸின் பெயர்.

துவக்கில் தோட்டா இல்லை. றோஷினியின் ஹொக்கிப் பைக்குள் இருந்ததை ஆசிரியை ஒருவர் கண்டுவிட்டார். யாருக்கும் காயமில்லை. தன்னை மாதக்கணக்காக வதைத்த மூன்று பெண்களை வெருட்டத்தான் கொண்டுவந்தேன் என்றாள் றோஷினி. அந்த வதையை அவள் முன்பு வீட்டில் சொன்னபோது, போனிலிருந்து கண்ணெடுக்காமல், "அதுகளை விட்டுட்டுப் படிப்பைப் பார்," என்றவர் கிளறன்ஸ்.

பொலிஸ் விசாரித்தபோது, "திறப்பு இருக்கிற இடம் அவளுக்குத் தெரியாது," என்றார்.

றோஷினி தகப்பனைப் பார்த்தாள்.

அவருக்கு முகம் எரிந்தது. "நான் சொன்னது பொய்," என்றார். "திறப்பை அவளின்ரை கையில குடுத்தது நான்தான்."

துவக்கும் லைசென்ஸும் போயின. வழக்கு அவர் மேலேயும் வந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடைத்தெருவில் வரதராஜனைக் கண்டு மன்னிப்புக் கேட்டபோது, அவர், "பையன் இன்னும் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வியாழக்கிழமைகளில் றோஷினியை ஆலோசகரிடம் கூட்டிப்போவார். ஒருநாள் காரில் அவள், ஏன் அன்றைக்கு உண்மையைச் சொன்னீங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொல்லுவீங்கள் என்று தான் நினைக்கவேயில்லை என்றாள்.

நீதிமன்றத்தில் நின்றபோதுகூடக் கிளறன்ஸுக்கு அவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை.