கோழியின் காலும் அவர் காலும்

கோழியின் காலை ஒடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை படிப்பீர்கள்.

சப்பான்காரன் காலம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்துக்கு நாலு வீடு தள்ளி, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீட்டில் நானும் என் கணவரும் இருந்தோம். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. அவர் ரயில் பாதையில் கூலி. வெள்ளைக்காரன் இருந்தபோது மலாக்காவுக்கு வருகிற தண்டவாளத்துக்குச் சரளைக்கல் போட்டவர், சப்பான்காரன் வந்ததும் அதே தண்டவாளத்தைப் பிடுங்குகிற வேலைக்குப் போனார். பிடுங்கியதெல்லாம் சயாமில் போடுகிற புது ரயில் பாதைக்குப் போகிறதாம். தண்டவாளம் போன பிறகு ஆளும் போக வேண்டுமாம். என் தம்பி தோட்டத்திலிருந்து முதல் கூட்டத்தோடு போனான். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒரு வருடம் கழிந்தும் அவனும் வரவில்லை, அவனோடு போன ஒருவரும் வரவில்லை. ஒருநாள் முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு எதற்கும் அழுகை வரவில்லை. மரவள்ளிக்கிழங்கை வேகவைப்பேன், தின்போம், படுப்போம். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

ஒருநாள் மத்தியானம் நாலு பேர் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளில் வைத்துத் தூக்கிய தண்டவாளம் நழுவி வலது முழங்காலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. தோல் கிழியவில்லை. உள்ளே எலும்பு இரண்டாகி, தோலுக்கு அடியில் ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இனி சயாமுக்கு இவரைக் கூப்பிட மாட்டார்கள். புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், எனக்கு இதுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கம்பத்தில் எலும்பு கட்டுகிற செட்டி ஒருவர் இருந்தார், அவரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். அந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறியவர்கள், பேச்செல்லாம் மலாய்தான். அக்கா, அண்ணன், சாமி, இவ்வளவுதான் அவர் வாயில் இருந்த தமிழ். செட்டி என் கணவரின் காலை இழுத்து, தடவி, முனையோடு முனை பொருத்தி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். அப்புறம் என்னிடம், இந்த வீட்டில் வளர்ந்த கோழி ஒன்று வேண்டும் என்றார்.

இது மலாய்க்காரர்களிடம் அவர் கற்றுக்கொண்ட முறை. மனிதனுக்கு எந்தக் கால் ஒடிந்ததோ, அதே காலைக் கோழிக்கும் ஒடிக்க வேண்டும். அதே எண்ணெய், அதே கட்டு. பிறகு மனிதனின் கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை, கோழியைப் பார்த்தால் போதும். கோழி காலை ஊன்றி நடந்துவிட்டால் மனிதனுக்கும் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம். காஜா பெராங்கில் இதை நம்பாதவர்கள் கிடையாது. நானும் நம்பினேன். என்னிடம் முட்டையிடத் தொடங்கியிருந்த ஒரே ஒரு விடைக்கோழி இருந்தது. செட்டி அதைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அவரே சொன்னார். ஒடிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அந்த ரத்தம் மெல்ல மெல்ல இளநீர் வழுக்கை மாதிரி ஆகும். வழுக்கை தேங்காயாகும், தேங்காய் சிரட்டையாகும். அதுவரை அசைக்காமல் காத்திருப்பதுதான் நம் வேலை, கட்டுகிறவன் எலும்பை ஒட்டவைப்பதில்லை, உடம்பே ஒட்டிக்கொள்கிறது என்றார்.

நானும் முதலில் அது நன்றாக ஒட்டட்டும் என்றுதான் பாடுபட்டேன். எங்கே நெத்திலித் தலை கிடைத்தாலும் வறுத்து இடித்து அவருக்குக் கொடுத்தேன். கோழிக்கும் ஒரு சிட்டிகை போட்டேன். முட்டை ஓட்டைக்கூடத் தூளாக்கிக் கிழங்கோடு பிசைந்தேன். வீட்டில் இரண்டு நோயாளிகள், இரண்டுக்கும் ஒரே பத்தியம். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

கூலிகளை மேய்க்கிற மண்டோர் வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. முன்பு என் கணவரோடு ஒரே கூட்டத்தில் சரளை போட்ட ஆள்தான். இப்போது சயாமுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன். வந்தவன் கட்டிலில் கிடந்த காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் கூண்டுக்குள் குனிந்து பார்த்தான். கோழி ஒற்றைக் காலில் நின்றது.

“கோழி ஊனி நடந்துச்சுன்னா லோரியில ஏத்திருவேன் தங்கச்சி,” என்றான். “எம்மேல வருத்தப்படாத. ஆளு கொறஞ்சா சப்பான்காரன் என்னையத்தான் அடிப்பான்.”

அவன் போன பிறகு நான் நெத்திலி இடிப்பதை நிறுத்தினேன். கோழிக்கு மட்டும் இல்லை, அவருக்கும் நிறுத்தினேன். புருஷனின் எலும்பு கூடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்ட பொம்பளை இந்த மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெறும் மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் உப்பு. கொடுத்ததை அவர் தின்றார். ஆனால் எலும்பு என் பேச்சைக் கேட்குமா? அதற்குச் சயாமும் தெரியாது, மண்டோரும் தெரியாது. நாலாவது வாரம் கோழி காலைத் தரையில் வைத்தது. இரண்டு நாள் கழித்து நடந்தது.

மறுநாள் மண்டோர் வருகிற நாள். விடிந்ததும் கோழியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் போனேன். அவர் முன்னறையில் தூங்குகிறார் என்று நினைத்தேன். செட்டி செய்த மாதிரியே கக்கத்தில் இடுக்கினேன், கட்டைவிரலை வைத்தேன். முதல் அழுத்தில் ஒடியவில்லை. அது ஓங்கிக் கத்தியது. இரண்டாவது அழுத்தில் ஒடிந்தது. பழைய துணியால் கட்டிக் கூண்டில் போட்டுவிட்டு, கை கழுவி, அடுப்பு மூட்டினேன். மண்டோர் வந்தான், பார்த்தான், முணுமுணுத்துக்கொண்டு போனான்.

செட்டியை ஏமாற்ற முடியவில்லை. கோழிக்குக் கட்டு மாற்ற வந்தவர் அதன் காலை விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். பழைய இடத்தில் ஒரு முண்டு இருந்தது. புது ஒடிவு அதற்கு அரை விரற்கடை மேலே. கூடிய இடத்தில் எலும்பு முடிச்சுப் போட்ட மாதிரி தடித்துவிடும், இரண்டாம் முறை ஒடித்தால் அங்கே ஒடியாது, பக்கத்தில்தான் ஒடியும் என்றார். புதுக் கட்டுப் போட்டுவிட்டு, கட்டிலில் கிடந்தவரிடம் “ஜாஙான் ஜாலான்,” என்று மட்டும் சொன்னார், நடக்காதே என்று.

அப்படியே இன்னும் ஐந்தாறு வாரம் ஓடியது. அவர் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். நான் ஜன்னலை மூடியே வைத்தேன். கோழி மறுபடியும் காலை ஊன்றியது. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தது, ஆனாலும் நடந்தது. நான் மறுபடியும் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் போனேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. என் சேலையில் ஒட்டியிருந்த கிழங்குத் துணுக்கைக் கொத்தித் தின்றது. விரலை வைத்தேன், அழுத்த வரவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. இறக்கி விட்டுவிட்டேன். அது கிணற்றடிப் பக்கம் போய்ச் சீய்த்தது.

மண்டோர் வந்து பார்த்தான். “வெள்ளிக்கெழம காலையில லோரி வரும்,” என்றான். எனக்குப் பயமும் வரவில்லை. இரண்டு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

வியாழக்கிழமை அரிசி வாங்க வரிசையில் நின்றேன். கூப்பனுக்கு இரண்டு பேருக்கான அரிசி, கல்லும் புழுவும் சேர்த்து. திரும்பி வந்தால் வீட்டில் அவர் இல்லை. கிணற்றடியில் கிடந்தார். அதே கால், மறுபடியும் ஒடிந்திருந்தது. முகமெல்லாம் வேர்வை, உதட்டில் ரத்தம். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். பக்கத்தில் என் அம்மிக்குழவி கிடந்தது. முந்தினநாள் கழுவக் கொண்டுவந்து நான்தான் மறந்து போட்டிருக்கிறேன் என்று நினைத்து, அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் செட்டியைக் கூப்பிட ஓடினேன். செட்டி வந்து தடவினார், கட்டினார். கோழியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். இந்த முறை கோழி வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மண்டோர் வந்து கோணிக்கிடந்த காலைப் பார்த்தான். அன்றைக்குத்தான் காலைப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். லோரி ஆள் குறைந்து போகவில்லை. அடுத்த சந்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் போனது. அவர் மனைவி தெருவில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்க் கிழங்கு உரித்தேன். ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அதைப்பற்றி நானும் என் கணவரும் பேசிக்கொண்டதே இல்லை.

சண்டை முடிந்தது. கால் கொஞ்சம் வளைந்துதான் கூடியது. இவருக்கு ஒரு கிட்டங்கியில் காவல் வேலை கிடைத்தது. கோழியை நாங்கள் அறுக்கவில்லை, அது தானாகத்தான் செத்தது. ஆனால் அவர் விழுந்ததை நான் விட்டேனா? மழை வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன். பாத்துப் போங்க, கெணத்தடியில வழுக்கி விழுந்த வீரராச்சே என்பேன். விருந்தாளி முன்னாலும் சொல்வேன். கண்ணிருந்தும் குருடன் என்றெல்லாம் திட்டியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தடியை எடுத்துக்கொண்டு போவார். இருபது வருடத்துக்கு மேல் இப்படி.

பிறகு ஒருநாள் அந்தக் காலில் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் நம் ஆள்தான், சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பது இல்லையாம். உள்ளே ஒரு கூட்டம் பழைய எலும்பை அரித்துத் தின்றுகொண்டே இருக்குமாம், அதன் பின்னாலேயே இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டிக்கொண்டே வருமாம். ஏறக்குறையப் பத்து வருடத்தில் பழையது போய்ப் புது எலும்பு வந்துவிடுமாம். அப்படியென்றால் சப்பான்காரன் காலத்து எலும்பு இவர் உடம்பில் இப்போது இல்லையா என்று கேட்டேன். இல்லை, ஆனால் கோணலாகக் கூடினால் அந்தக் கோணலை வைத்தே புதிதாகவும் கட்டும் என்றார். கோழிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். கோழிக்கு மூன்று நாலு வாரத்தில் கூடிவிடும், மனிதனின் கால் எலும்புக்கு மூன்று மாதமாவது வேண்டும், கோழியைப் பார்த்து நடந்திருந்தால் இவர் கால் போயிருக்கும் என்றார்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “ரெண்டு தடவ ஒடஞ்சிருக்கும்மா. முதல்ல ஒடஞ்சது அழகா கூடியிருக்கு. அப்புறம் அதுக்கு மேல ஒண்ணு. சும்மா வழுக்கி விழுந்தா இப்படி ஒடையாது, ஏதோ பலமா அடிச்சிருக்கு.”

கறுப்புப் படத்தில் வெள்ளையாய் இரண்டு முண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று. என் விரலுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

பஸ் நிற்கிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவரைப் பார்க்காமல் கேட்டேன்.

“அம்மிக்கொழவியா?”

அவர் தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். “கோழிய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தியே, பார்த்தேன் புள்ள. ஒனக்குக் கை வரல.”

முதல் முறை ஒடித்ததையும் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததாகத் தலையாட்டினார். பின் ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை, நான் அத்தனை திட்டுத் திட்டினேனே என்றேன்.

“சொல்லியிருந்தா, ஒன்னால முடியாததுனாலதான் நான் ஒடச்சுக்கிட்டேன்னு மனசுல போட்டு வச்சுக்கிட்டே கெடப்ப.”

பஸ் வந்தது. அந்தக் கால் பக்கம் நின்று கையைப் பிடித்து ஏற்றினேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பிக்காக அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுகிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவர் முழங்காலுக்குக் கீழே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப எதுக்கு அழுவுற? எல்லாந்தான் கூடிருச்சே.”