நான்காவது இலக்கத்துக்குப் பிறகு

கார்பன் நகல் என்பதால் எழுத்துகளின் ஓரம் மங்கியிருக்கிறது. மொத்தம் ஆறு பக்கம். மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டவணை, அதில் மூன்றே எண்கள். ஒவ்வொன்றும் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிற்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசை பிசகாமல், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அடித்தவள் நான். அடித்து முடித்துத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துப் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. என் வீட்டில் நான் இவ்வளவு வெறுக்கிற பொருள் வேறு இல்லை. ஆனாலும் எரிக்கக் கை வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் ஏற்ற இறக்கப் பட்டியல் போடுகிற பிரிவில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். அப்பா மணப்பாட்டுக்காரர், கப்பலில் வேலை. துறைமுகம் என்றால் பெண்ணை அனுப்பலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பிரிவில் கணக்குப் போடுகிறவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஒரு ஊர்க்காரர். கணிதத்தில் பட்டம் வாங்கியதோடு படிப்பு நின்றுபோனவர். கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கிக் கொடுக்கும் ஓர் இரும்பு இயந்திரம் அவர் மேசையில் இருந்தது. உப்புக் காற்றில் அது துருப்பிடித்து இறுகிவிடும். வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் விடுவார். அதனால் அந்த அறையில் எப்போதும் தலைவாரிய வாசனை.

மதிய இடைவேளையிலும், ஐந்து மணிச் சங்கு ஊதிய பிறகு ஒரு மணி நேரமும் அந்த இயந்திரம் வேறு கணக்குக்குச் சுற்றும். பூமி ஒரு பக்கம் இழுக்கிறது, நிலா ஒரு பக்கம் இழுக்கிறது, இரண்டும் சுற்றிக்கொண்டும் இருக்கின்றன. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் சரிக்குச் சரியாகிறது. அந்த இடத்தை ஒரு விண்கலம் ஏறத்தாழ எரிபொருளே இல்லாமல் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை சுற்றி வர முடியும். எங்கே தொடங்க வேண்டும், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. ஒரு சூத்திரத்தில் விடை வராது. அடியடியாக நடத்திப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் பக்கம் பக்கமாகப் பெருக்க வேண்டும். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "நெலாவும் சூரியனும் கடல இழுக்கதத்தான தெனமும் போடுதோம் தங்கச்சி. கடலுக்குப் பதிலா ஒரு சின்னப் பொட்டிய வச்சுப் பாக்கேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "இது ரொம்ப ரோசக்காரக் கணக்கு. எட்டாம் எலக்கத்துல கை வச்சாலும் கோவிச்சுக்கிடும்." இதை நான் காதால் கேட்டேன். கேட்டும்தான் அதைச் செய்தேன்.

இரண்டரை ஆண்டில் பாதை மூடியது. புறப்பட்ட இடத்துக்கே பெட்டி திரும்பி வந்துவிட்டது. அதைக் கட்டுரையாக அனுப்பினால் வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. வயது வரம்புக்கு அதுதான் அவருக்குக் கடைசி ஆண்டு. அனுப்ப வேண்டிய நாளில் நான் உட்கார்ந்து அடித்தேன். எங்கள் பிரிவில் எந்த எண்ணையும் நான்காம் இலக்கத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். இங்கே கடல் ஏறி இறங்குவதே இடுப்பளவு இல்லை, அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? மூன்று ஆண்டுப் பழக்கத்தில் என் விரல்கள் தாமாக நின்றன. பிறகு வழக்கப்படி ஒத்துப் பார்த்தோம். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அந்த எண்கள் அவருக்கு மனப்பாடம். நான் சொன்ன நான்குக்குப் பின்னால் மீதி நான்கை அவர் மனமே சொல்லிக்கொண்டது.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் கொடுத்த மதிப்புகளை எங்கள் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தோம், ஒரு சுற்றுகூட முடியாமல் கலம் நிலாவை நோக்கி விலகிப் போகிறது, அடிப்படைக் கணக்கைச் சரிபார்க்கவும். அவ்வளவுதான் கடிதம். "அவ்வளவு பெரிய மிசினு பொய் சொல்லாதுல்லா தங்கச்சி. நம்ம கைதான் எங்கயோ தப்பியிருக்கு" என்றார்.

அதன் பிறகு ஓராண்டு, சரியாக இருந்த பக்கங்களில் இல்லாத தப்பைத் தேடினார். ஒருநாள் அவர் நோட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் மூன்று எண்களும் எட்டு எட்டு இலக்கமாக இருந்தன. என் இழுப்பறையிலிருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் மூன்றும் நான்காம் இலக்கத்தோடு நின்றிருந்தன. அவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். வந்தவர், "நீ அடிச்சதுனாலதான் அது கடுதாசிலயாவது ஏறுச்சி" என்றார். நான் நகலை இழுப்பறையில் திரும்ப வைத்து மூடினேன். என் வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன் எனக்குள். கட்டம் சின்னது, எட்டு இலக்கம் எப்படிக் கொள்ளும் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டாவது பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டினேன்.

எழுபத்தெட்டின் கடைசியில் செய்தித்தாளில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டு விண்கலம் ஒன்று சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே அப்படியொரு இடத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி நின்றபடியே வாசித்தார். "அவனுவ சரியாப் போட்டிருக்கானுவ" என்று மட்டும் சொல்லித் தாளை மடித்து வைத்தார். பொறாமையோ கோபமோ முகத்தில் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். அன்றைக்குப் பிறகு அந்த இயந்திரம் ஐந்து மணிக்கு மேல் சுற்றவில்லை. எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டபோது நோட்டை என்னிடமே கொடுத்தார். "பின்பக்கம் சும்மாத்தான் கெடக்கு. பிள்ளையளுக்கு எழுதிப் பழக ஆகும்" என்றார்.

போன மாதம் அண்ணாச்சி இறந்த செய்தி கேட்டு மாப்பிள்ளையூரணியில் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நெனவு தப்புற வரைக்கும் வெரலால போர்வையில கணக்குப் போட்டாவ தங்கச்சி. எங்கயோ ஒரு கூட்டல்ல தப்பு இருக்கு, அது மட்டும் கெடச்சாப் போதும்னாவ." எங்கே தப்பு என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

என் மகள் பொறியாளர். நோட்டிலிருந்த எண்களைக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் கோடு புறப்பட்ட இடத்தில் வந்து மூடியது. நகலில் இருந்ததைப் போட்டபோது விலகி நிலாப் பக்கம் போயிற்று. "யாரும்மா கையால இதப் போட்டது?" என்று கேட்டாள். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

பிறகு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மூன்று எண்களுக்கும் மீதி நான்கு இலக்கத்தைப் பேனாவால் எழுதினேன். எழுதிய பிறகும் கட்டத்தில் இடம் இருந்தது.