பட்டு வேட்டியில் டீசல்

என் வீட்டுக்காரர் ஜம்புநாதன் ரயில்வே டீசல் ஷெட்டிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பெயர்தான். ஹைதராபாத் உப்பலில் எங்கள் அடுக்குமாடியின் ஜெனரேட்டரை யாரும் கேட்காமலே தத்தெடுத்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். எனக்கு மூக்குத்தி வாங்கும்போதுகூட கல்லை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு எங்கள் மகள் தாரிணியைப் பார்க்க பிரசன்னாவின் அம்மா வசந்தகுமாரி வருவதாக இருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஒரே ஆபீஸ், மனசு ஒத்துப்போய்விட்டது. ஆனால் அம்மா சரி சொன்னால்தான் கல்யாணம் என்று பிரசன்னா சொல்லிவிட்டான். தாரிணிக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. இவரோ கீழே ஃபில்டர் மாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சம்மந்தி வர்ற நேரத்துல என்னங்க இது? விட்டுட்டு வந்து குளிங்க."

கையோடு இழுத்துவந்து பட்டு வேட்டி கட்டவைத்தேன்.

அந்த அம்மா லிஃப்டில் ஏறவும் கரெண்ட் போகவும் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பியது, கொஞ்ச நேரம் விக்கியது, நின்றது. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டும் நின்றது. தாரிணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

இவர் முகம் செத்துப்போயிற்று. "ராஜி, ஃபில்டர் மாத்த டீசல் குழாயை மூடினேன். திறக்கவே இல்ல."

அதற்கு நான் என்ன செய்வதாம்?

ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினார். நுரைநுரையாக வந்த டீசலில் பாதி வேட்டிக்குத்தான். குமிழி அடங்கியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

லிஃப்ட் கதவு திறந்தது. விளையாடுகிற பிள்ளைகள் எதையோ திருகிவிட்டதாக நான் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். இந்த மனுஷன் மூச்சு வாங்க முந்திக்கொண்டார்.

"என் தப்பும்மா. குழாயை மூடிட்டு மறந்துட்டேன்."

வசந்தகுமாரி வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "எங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் நின்னா ஆளுக்கு ஆள் கை காட்டுவாங்க," என்றவர் தாரிணி பக்கம் திரும்பினார். "அழாத கண்ணு. இந்த சம்மந்தி எனக்கு வேணும். என் பிள்ளை உனக்கு சம்மதமா?"

தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற என் மகள், ஆமாம் என்பதற்கு இந்த ஊரே சொல்வதைச் சொன்னாள்.

"ஹவ்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க ஜெனரேட்டரும் புகையா கக்குதுங்க," என்றார் வசந்தகுமாரி.

"கறுப்பா, வெள்ளையா?" என்றார் இவர்.

கேசரித் தட்டோடு நான் நிற்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியவே இல்லை.