சும்மா தருகிற சிப்ஸும் சீனப் பாடமும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனாலும் குற்றாலத்தில் நேந்திரம் சிப்ஸ் என்றால் என் கடைதான். மலையாளத்தில் பேரம் பேசுவேன், இந்தியில் திட்டுவேன். எந்தப் பெரிய ஆபீசர் வந்தாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சீனத்து டீச்சர் போனில் ‘நீ’ என்றார்.

என் மகள் கொழும்பில் வேலை பார்க்கிறாள். அங்கே சீன அரசாங்கம் நடத்தும் வகுப்பில் அவர்கள் பாஷையைப் படிக்கிறாள். மேலே படிக்க ஒரு வருஷம் சீனாவுக்கே வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டிக்கெட், தங்க இடம், சாப்பாடு எல்லாமே சும்மா. நான் சரி சொன்னால்தான் போவேன் என்று லீவில் வந்தவள், கடைக்கே வந்து டீச்சரை வீடியோவில் காட்டினாள். “நீ ஹாவ்” என்றது அந்த அம்மா.

“என்னட்டி, எடுத்த எடுப்புலயே நீங்குதா?”

“யப்பா, அவங்க பாஷையிலயும் நீன்னா நீதான். நல்லாருக்கியான்னு கேக்காங்க.”

சிரித்துக்கொண்டே டீச்சரிடம் ஏதோ சொன்னாள். டீச்சர் பதறிப்போய்த் தலையைக் குனிந்து “நின் ஹாவ்” என்றார். நின் என்றால் மரியாதையாம். சிப்ஸ் வாங்க நின்ற கொல்லத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் பேசும் மலையாளத்தில் ‘நின்’னும் நீயோடு சேர்ந்ததுதான், பெரியவர்களுக்கு ஆகாது. நான் ஏறினேனா இறங்கினேனா என்றே விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது அந்தச் சும்மா. கடைக்கு வருகிறவர் கையில் முதல் பிடி சிப்ஸை நான் சும்மாதான் வைப்பேன். விலைப் பேச்சே எடுக்க மாட்டேன். மென்று முடிப்பதற்குள் அரைக்கிலோ கட்டச் சொல்வார்கள். அந்த வித்தையில் எழும்பியதுதான் என் மாடி வீடு.

“கேளுட்டி, அவங்க என்ன விக்காங்க?”

மகள் டீச்சரிடம் கேட்டுச் சொன்னாள். “ஒண்ணும் விக்கலையாம். ஒரு பழக்கத்துக்குத்தானாம்.”

பழக்கத்துக்குத்தான், தின்னு பாருங்க என்று தினமும் சொல்கிறவன் நான். என் சாக்கில் இருப்பது சிப்ஸ். இவர்கள் சாக்கில் என்ன இருக்கிறது?

“உங்க சிப்ஸத் தின்னவங்க எல்லாரும் வாங்கிட்டாங்களாப்பா?”

“தின்னுட்டுப் பல்லக் காட்டிட்டுப் போறவனும் உண்டு.”

“அப்ப நானும் தின்னுட்டுப் பல்லக் காட்டிட்டு வாரேன்.”

கொல்லத்துக்காரர் மறுபடி சிரித்தார். அவருக்கு அரைக்கிலோ கட்டிக்கொண்டே, சரி, போயிட்டு வா என்றேன்.

பல்லைக் காட்டிவிட்டுப் போனவர்களில் சிலர் அருவியில் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்து வாங்கியதும் உண்டு. அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.